இரண்டு ஃப்ரேம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது தணிகாசலம். கடையில் இரண்டாக வாங்கியிருக்கிறான், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வியாழக்கிழமை அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. அதன்பிறகு இரண்டு மாதம் வாயையே திறக்கக் கூடாது, எதுவானாலும் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் மட்டும் எழுதிக்கிட்டிருந்தா கேணயன் மாதிரி இருக்கும். நீயும் எதையாவது கிறுக்குடா இருதயம்" என்றான்.

என் பெயர் இருதயராஜ். அவன் வாயால் முழுப்பெயரை நான் கேட்டதில்லை. முப்பது வருஷமாக இருதயம்தான், டேய்தான். என் கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் நிற்கும்போதே, "டேய், டை கோணலா இருக்குடா" என்று மைக்கில் விழும்படி சொன்னவன்.

எழுத என்ன இருக்கிறது? தொழில், டப்பிங். வயது ஐம்பது. இன்றைக்கு மீன் நன்றாக இல்லை, முட்டைக் குழம்பு.

ஜூன் 5, புதன்

எழுதுவது என்று ஆகிவிட்டது, ஒழுங்காகவே எழுதுகிறேன்.

"வான்கோட்டை" ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடர். விண்வெளியில் மிதக்கும் ஒரு கோட்டை, அதை ஆளும் இளவரசன் ஹயாசு, அவனுடைய மெய்க்காவலன் தோரகி. தமிழில் பதினொரு வருஷமாக வருகிறது. இளவரசனுக்குக் குரல் தணிகா, தோரகிக்கு நான். இளவரசன் பக்கம் பக்கமாகப் பேசுவான். தோரகி "ஆணையிடுங்கள், இளவரசே" என்பான். மற்ற நேரமெல்லாம் வாளைச் சுழற்றிக்கொண்டு ஹா, ஹும், ஆ. முதல் சீசன் முழுக்க நான் பேசியதைவிட முனகியதுதான் அதிகம்.

இப்போது கடைசி சீசன். பன்னிரண்டு எபிசோட். 17-ஆம் தேதி ரெக்கார்டிங் தொடங்குகிறது. ஆபரேஷன் விஷயம் ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே மைக் முன்னால் வேறு ஆள் நிற்பார்.

தணிகா ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு அவன் வீட்டிலிருந்தே பேசி ஃபைலாக அனுப்புகிறான். துணி பீரோவைக் காலி செய்து, சுற்றிலும் மெத்தையை அடைத்து, நடுவில் மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறான். அதற்குள் நின்று அவன் குரலில் நான் பேச வேண்டும். காலேஜில் நாங்கள் மிமிக்ரி ஜோடி. அவன் குரலில் போன் செய்து அவன் மனைவி கோமளாவையே பலமுறை ஏமாற்றியிருக்கிறேன்.

கோமளா காபி எடுக்க உள்ளே போனதும் மீதியைச் சொன்னான். இந்த ஆபரேஷன் முதல் கட்டம்தான். செப்டம்பரில் இன்னொன்று இருக்கிறது. அது முடிந்தால் பேச்சு வரும், மைக்கில் நிற்கிற குரல் வராது. நடுவில் ஆகஸ்டில் கொஞ்சநாள் குரல் எட்டிப் பார்க்குமாம்.

"அப்ப அந்தக் கடைசி வசனத்த நான் பேசிடுறேன். இளவரசன் சாகுறப்ப ஒத்த வரி இருக்காம், ஸ்டுடியோவுல சொன்னாங்க. மத்ததெல்லாம் நீ பேசு. அது மட்டும் எங்கொரல்ல இருக்கட்டும்டா. அதுக்கப்புறம் எனக்கு மைக்கே கிடையாது."

"சரிடா" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி கேண்டீனில் பொங்கல் பரவாயில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பீரோவுக்குள் முதல் நாள். வேர்த்துக் கொட்டியது. ஃபேன் போட்டால் மைக்கில் விழும். தணிகா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் நோட்டுடன் திருத்தினான். "ற-வை அழுத்தாதே. நான் அழுத்த மாட்டேன்." "மூச்சு சீக்கிரம் எடுக்கிறாய்." "இது நான் இல்லை, எங்க அப்பா." அவன் அப்பாவும் அப்படித்தான் பேசுவார் என்பதால் நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவும் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்கியது.

சாயங்காலம் வத்சலா மேடம் தணிகாவுக்கு மெசேஜ் அனுப்பினார். வசனம் எழுதுவதும் டப்பிங்கை இயக்குவதும் அவர்தான். "தணிகா, இந்த சீசன்ல உங்க குரல்ல ஒரு கனம் வந்திருக்கு. பதினொரு வருஷத்துல இதுதான் பெஸ்ட்."

தணிகா அதை என்னிடம் காட்டிவிட்டு நோட்டில் எழுதினான்: "நீ குண்டு. அதான் கனம்."

ஜூன் 29, சனி

கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். வைத்ததும் என் மனைவி மெட்டில்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப யாரு பேசினது?"

"நான்தான்."

"தணிகா அண்ணன் வந்திருக்காருன்னு நெனச்சி டீக்கு ரெண்டு தம்ளர் தண்ணி வச்சிட்டேன்."

இரண்டு தம்ளரையும் நானே குடித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பன்னிரண்டாவது எபிசோடின் வசனம் வந்துவிட்டது. தோரகி இளவரசனைக் காட்டிக்கொடுக்கிறான். கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்து எதிரியை விடுகிறான். ஐந்து சீசனாகக் கூடவே நின்றவன். ஏன் செய்தான் என்று எங்கேயும் சொல்லவில்லை. நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஸ்டுடியோவில் இதைப் பற்றி ஒரே வாக்குவாதம். தோரகி என்றைக்கும் இளவரசனை "நீங்கள்" என்றுதான் சொல்வான். கதவைத் திறக்கும் இடத்தில் வத்சலா மேடம் "இனி உனக்கு நான் காவல் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

"உங்களுக்குன்னே வச்சிக்கலாமே மேடம்" என்றேன்.

"துரோகம் பண்றவன் என்ன மரியாத குடுக்கிறது இருதயராஜ்? அதுவும் இல்லாம அவன் வாய் அவ்வளவு நேரம் தெறக்கல. உங்களுக்குன்னா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும்."

திரையில் வாய் அசைவதும் நாம் பேசுவதும் பொருந்துவதை சிங்க் என்போம். ஒரு விநாடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். இரண்டு மூன்று ஃப்ரேம் பிசகினால் பார்க்கிறவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

"ஏன் காட்டிக்கொடுக்கிறான்னு ஒரு வரி சேக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம். காரணம் இல்லாததுதான் நல்லா இருக்கு."

காரணம் இல்லாமல் ஒருத்தன் செய்வானா? ஜப்பான்காரர்கள் எழுத மறந்திருப்பார்கள்.

ஜூலை 10, புதன்

மழை. துணி காயவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

எஃப்.எம். ரேடியோவில் இளவரசனின் குரலுக்குப் போன் பேட்டி. தணிகா இன்னும் பேசக் கூடாது. நான் அவனாகப் பேசினேன். எதிரில் அவன் நோட்டோடு உட்கார்ந்து, பதிலை எழுதி எழுதி நீட்டினான்.

இதே ரேடியோவுக்கு ஆறு வருஷம் முன்னால் இரண்டு பேரும் போயிருந்தோம். நேயர்கள் கேட்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் வாங்க போங்க என்று பேசுங்கள் என்றார்கள். "நீங்க சொல்லுங்க இருதயராஜ்" என்று தணிகா ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் வந்தது. நிகழ்ச்சியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போதும் முடியவில்லை. கடைசியில் டா போட்டே பேசச் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கு அந்தப் பெண் கேட்டாள்: "தோரகிக்குக் குரல் கொடுக்கிறவரைப் பத்தி சொல்லுங்க சார்."

தணிகா வேகமாக எழுதிக் காட்டினான். "என்னைவிட நல்ல நடிகன் அவன். முனகலிலேயே ஆளை அழ வைப்பான். இதைச் சொல்."

"நல்ல மனுஷன்" என்றேன், தணிகாவின் குரலில். "ரொம்ப நாள் பழக்கம்."

வைத்த பிறகு, ஏன் எழுதியதைச் சொல்லவில்லை என்று கண்ணாலேயே கேட்டான். என்னைப் பற்றி நானே எப்படிடா சொல்வது என்றேன். நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினான்.

பள்ளிக்கூட விழாக்களுக்கு எங்களைக் கூப்பிடும்போது பிள்ளைகள் அவனைச் சுற்றி மொய்க்கும். இளவரசன் மாதிரி பேசுங்க அங்கிள் என்று கேட்கும். என்னிடம் ஒரு பெண் குழந்தை, "நீங்க யாரு?" என்றது. தோரகி என்றேன். "அவரு பேசவே மாட்டாரே" என்றது. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. நல்ல புத்திசாலிக் குழந்தை.

ஆகஸ்ட் 5, திங்கள்

கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து "டேய்" என்று ஒரு சத்தம். கரகரவென்று, பாதி காற்று. முதலில் யார் என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். கோமளா, "என்னண்ணே, உள்ள வந்து அழுங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாமாம். பத்தில் நாலு நிமிடத்தை என்னைத் திட்டியே தீர்த்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

கடைசி வரி தவிர இளவரசன் வசனம் எல்லாம் முடிந்தது. தணிகா டாக்டரிடம் போயிருந்தான். பீரோவும் மைக்கும் தயாராக இருந்தன. ஒருவேளை அவனுக்குக் குரல் எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று, ஒரு பாதுகாப்புக்காகக் கடைசி வரியையும் பேசி வைத்தேன்.

இளவரசன் கோட்டை வாசலில் விழுந்து கிடக்கிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே விண்வெளி. திறந்த கதவோரம் தோரகி நிற்கிறான். இளவரசன் அவனைத் திட்டவில்லை. இவ்வளவுதான் சொல்கிறான்: "கதவைச் சாத்து, தோரகி. உனக்குக் குளிரும்."

ஒரே டேக். நன்றாக வந்தது. தணிகா வந்த பிறகு சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தணிகா பேசினான். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குரலைச் சேர்த்து வைத்திருந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னடா கல்யாணமா என்றேன். பதில் சொல்லாமல் பீரோவுக்குள் போனான்.

இந்தத் தடவை நான் வெளியே, ஹெட்போனோடு.

"கதவைச் சாத்து" வரை சமாளித்துவிட்டான். "தோரகி" என்ற இடத்தில் குரல் உடைந்தது. "உனக்கு" வந்தது. "குளிரும்" வரவில்லை, உதடும் காற்றும்தான் வந்தன. ஆனால் கேட்டது. திரையில் ஒருத்தன் செத்துக்கொண்டிருந்தான், அவன் அப்படித்தான் பேசுவான். அதற்கு மேல் யாராலும் பேச முடியாது.

வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தி, எப்படி என்று புருவத்தால் கேட்டான்.

"சிங்க் கொஞ்சம் பாக்கணும்" என்றேன்.

அவன் முகம் ஒரு நொடி வாடிவிட்டுத் தெளிந்தது. இன்னொரு டேக் எடுக்கக் குரல் இல்லை. ஃபைலை அனுப்பச் சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளப் போனான். நான் அனுப்பினேன். ஃபோல்டரில் இருந்த இரண்டும் சேர்ந்து போய்விட்டன, டேக் 1, டேக் 2 என்று. கவனிக்கவில்லை.

வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஸ்டுடியோவில் என் வசனம். "இனி உனக்கு நான் காவல் இல்லை." மூன்று டேக். முதல் இரண்டில் கோபம் அதிகம் என்றார்கள். மூன்றாவதில் எதுவும் காட்டாமல் பேசினேன், அதை வைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வத்சலா மேடம் உட்காரச் சொன்னார். "தணிகா கடைசி வரிக்கு ரெண்டு டேக் அனுப்பியிருக்கார். கேளுங்க."

சவுண்ட் இன்ஜினியர் நசீர் இரண்டையும் ஓட்டினார். முதலாவது நான். இரண்டாவது அவன். இரண்டாவது முடிந்ததும் நசீர் யாரும் கேட்காமலே அதை இன்னொரு முறை ஓட்டினார்.

"ஒண்ணு கிளீனா இருக்கு. ரெண்டாவதுல தொண்ட கட்டின மாதிரி இருக்கு, ஆனா என்னமோ பண்ணுது" என்றார் மேடம். "அவர் குரல் உங்களுக்குத்தான் தெரியும். எது வைக்கலாம்?"

"முதல் டேக்" என்றேன். "ரெண்டாவதுல சிங்க் இல்ல."

"ரெண்டு ஃப்ரேம்தான் சார் லேட்டு" என்றார் நசீர். "நகத்திடலாம்."

"கடைசி வார்த்தை கேக்கவே இல்லையே நசீர்."

"எனக்குக் கேட்டுச்சு சார்."

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தணிகாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"வேணாம் மேடம். அவனே சிங்க் சரியில்லன்னுதான் சொன்னான்."

நசீர் முதல் டேக்கை எடுத்துப் போட்டார். மௌசில் ஒரு கிளிக், அவ்வளவுதான். இரண்டு ஃப்ரேம் என்பது நிஜம். நான் பொய் சொல்லவில்லை, அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

தணிகாவுக்கு இரண்டாவது ஆபரேஷன். உள்ளே போவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் சொன்னான். "பயமில்லடா இருதயம். எங்கொரல்தான் அங்க பத்திரமா இருக்குல்ல."

"இருக்குடா" என்றேன்.

ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. கேண்டீனில் பொங்கல் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கோமளா எழுப்பவா என்றாள். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 5, சனி

நாளைக் காலை கடைசி எபிசோட். தணிகா வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதாக ஜூன் மாதமே பேசியது. காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினேன். "கஷாயம் குடிடா. நீ இல்லாம என்ன இளவரசன்" என்று பதில் வந்தது.

காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டிலேயே பார்த்தோம். பெயர் போடும் வரை மெட்டில்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டி.வி.யை அணைத்தாள்.

"அந்தக் கடைசி வரி நீங்கதான?"

நான் பேப்பரை எடுத்தேன்.

"அத அவரு பேசுறதாத்தான சொன்னீங்க. அவருக்குத் தெரியுமா?"

"சிங்க் பிரச்சினை."

"நான் அத கேக்கல."

மத்தியானம் கோழிக் குழம்பு. அவள் எதிரில் உட்காராமல் பின்கட்டில் போய்ச் சாப்பிட்டாள். இணையத்தில் எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பேசுகிறார்கள். தணிகாசலம் என்ற கலைஞனுக்கு நன்றி என்று எழுதுகிறார்கள். இருபது முப்பது படித்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

தணிகாவிடமிருந்து எதுவும் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மெட்டில்டா சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனேன்.

கதவைத் திறந்தது தணிகா. கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தான். இளைத்திருந்தான்.

"வாங்க இருதயராஜ்" என்றான்.

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். இனி இதுதான் அவனுடைய குரல். சருகை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு. பீரோவில் மறுபடி துணி அடுக்கியிருந்தார்கள். மைக் இல்லை.

கம்ப்யூட்டர் பக்கம் போய் ஒரு ஃபைலைத் திறந்தான். டேக் 2. ஒருமுறை ஓடி முடிந்தது. "குளிரும்" நன்றாகவே கேட்டது.

"மேடத்துக்குப் போன் பண்ணேன்" என்றான். மூச்சு. "சிங்க் சரியில்லன்னு நான் சொன்னதா நீங்க சொன்னீங்களாம்."

"ரெண்டு ஃப்ரேம்" என்றேன்.

தலையாட்டினான். சண்டை போடுவான் என்று நினைத்திருந்தேன், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் பதில் யோசித்துத்தான் போயிருந்தேன்.

"வேற ஒண்ணும் நான் சொல்லலீங்க. அவங்களுக்கு ரெண்டும் நான்தான். அப்படியே இருக்கட்டும்."

ஒரு நாளைக்கு நூறு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது, கோமளாவின் கையெழுத்தில். 'டா' ஒரே எழுத்து. மூச்சும் மிச்சமாகும். அவர் மிச்சம் பிடிக்கவில்லை.

கோமளா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சூடாக இருந்தது. முழுக்கக் குடித்தேன். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அந்த வீட்டில் சமையலறை வரை நானே போய்த் தம்ளரைக் கழுவி வைப்பவன்.

எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"பாத்துப் போங்க."

"சரிங்க" என்றேன்.